என் வளைவில் நின்ற கார்

எங்கள் மலையில் ஒருவரை ஒருவர் எதிர்பாராமல் பார்ப்பது என்பது அநேகமாக நடக்காத காரியம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், நடுவில் ஆள் சேர்ந்தால் கிளம்புகிற ஜீப்புகள். செங்கம் சந்தைக்கு இறங்கினாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காரப்போவது அதே ஆட்கள்தான். அதனால் யாராவது பஸ்ஸில் என்னைப் பார்த்து, “அட, உன்னைப் பாப்பேன்னு நெனைக்கவே இல்ல” என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். வேறு யாரைப் பார்ப்பாய்?

அப்படியிருந்தும் ஒரு முறை நடந்தது. நான் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்காத ஒருவனை ஏதோ ஒன்று என் நிலத்து வளைவிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கு எங்கள் ஊரில் வைத்திருக்கிற பெயர் விதி. என் அண்ணி தொடங்கி, மாவு அரைக்க வருகிற பெண்கள் வரை அதைத்தான் சொல்கிறார்கள். அது விதி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் பேச்சு இன்னும் கூடும் என்றார் அண்ணன். கூடட்டும்.

நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊருக்குள் நுழைகிற தார் ரோடு, என் நிலத்தை ஒட்டித்தான் ஏறித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு மேலே என் வீடு. வீட்டில் நான் மட்டும். கூப்பிடு தூரத்தில் அண்ணன் வீடு. அப்பா இருக்கும்போதே நிலத்தை இரண்டாகப் பிரித்து எனக்கும் ஒரு பங்கு எழுதி வைத்துவிட்டார். சாமையும் கேழ்வரகும் போடுகிறேன். நாலு பலா மரம், ஒரு பெரிய புளிய மரம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என்னைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைச் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பதில்லை.

அன்றைக்கு மலையில் கோடை விழா நடந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து கார்கள் வந்துகொண்டே இருந்தன. மழை இன்னும் இறங்கவில்லை. நான் பலா மரத்து நிழலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டில் ஒரு கார் முனகிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. திருப்பத்துக்கு வந்ததும் முனகல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் முன் பக்கம் வெள்ளைப் புகை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் காலி பாட்டிலோடு மேலே ஏறி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். பின்னால் பாவாடை தாவணி வயதில் ஒரு பெண், ஜீன்ஸ் போட்டிருந்தாள்.

“யக்கா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா? வண்டி பொகையுது.”

“குடிக்கவா, வண்டிக்கா?”

“ரெண்டுத்துக்குந்தான்” என்று சிரித்தாள். எடுத்த எடுப்பிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நடந்தது எதுவும் அதை மாற்றவில்லை.

குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். காரின் முன் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஆள் குனிந்து நின்றிருந்தார். முன்தலை வழுக்கை. சட்டை முதுகில் வேர்வை. குடத்தை இறக்கி வைத்தேன். அவர் நிமிராமலே, “ஏம்மா, இந்தப் பக்கம் மெக்கானிக் யாராச்சும் கீறாங்களா?” என்றார்.

வார்த்தையின் கடைசியை விழுங்கிவிட்டுப் பேசுகிற குரல். அந்தக் குரலை நான் இரண்டு வருஷம் வகுப்பில் கேட்டிருக்கிறேன். வகுப்புக்கு வெளியிலும் கேட்டிருக்கிறேன்.

“மெக்கானிக் இல்ல. ஜீப் ஓட்டற தம்பி ஒருத்தர் பாப்பாரு. போன் போடறேன்” என்றேன்.

என் குரலுக்கு அவன் நிமிர்ந்தான். துணியால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், பிறகு மறுபடி மூடிக்கு அடியில் குனிந்துகொண்டான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ரப்பர் குழாய் கிழிந்து தொங்குவது எனக்கே தெரிந்தது. அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. அதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை.

ஜீப்காரத் தம்பிக்கு போன் செய்தேன். கீழே இருக்கிறேன், குழாய் வாங்கிக்கொண்டு ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றான். வெயிலில் ரோட்டில் நிற்பானேன், மேலே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டேன். பெண்கள் இரண்டு பேரும் உடனே வந்தார்கள். அவன் மட்டும், “நான் வண்டியைப் பாத்துக்கறேன், நீங்க போங்க” என்று சொல்லிவிட்டு நின்றான். கிழிந்த குழாயோடு நிற்கிற காரை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்?

அவன் யார் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க நான் மலையை விட்டு இறங்கி, செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பெண்கள் விடுதியில் தங்கினேன். பிளஸ் ஒன்னில் சேர்ந்தபோது அவன் என் வகுப்பு. அவன் அப்பா உரக்கடை வைத்திருந்தார். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும், எனக்கு வேதியியல் நன்றாக வரும். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விடுதி வாசல் வரை நடந்து வருவான். நாங்கள் ரோட்டின் இரண்டு ஓரத்தில் நடப்போம், பேச்சு மட்டும் நடுவில் போகும். “படிச்சு முடிச்சதும் வூட்ல சொல்லிடறேன்” என்று ஒரு நாள் சொன்னான். நான் கேட்டு அவன் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பிளஸ் டூ பரிட்சைக்கு முன்னால் யாரோ பார்த்து அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் அவர், விடுதிக் காப்பாளர், அவன், நான். “மலையிலேர்ந்து எறங்கி வந்து என் பையனைக் கெடுக்கறா சார்” என்றார் அவன் அப்பா. இன்னும் சிலதும் சொன்னார். அதையெல்லாம் எழுதி அந்தச் சொற்களுக்கு இன்னொரு முறை இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

தலைமையாசிரியர் அவனைப் பார்த்துக் கேட்டார். “இந்தப் பொண்ணை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். அதுவாதான் வந்து பேசும்.”

அது. இரண்டு வருஷம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு நான் அந்த அறையில் அது ஆகிவிட்டேன். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுதியை விட்டுப் போகச் சொன்னார்கள். அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஜீப் வந்தது. ஏறுவதற்கு முன்னால், “பரிட்சை எழுதறியா?” என்று மட்டும் கேட்டார். எழுதுகிறேன் என்றேன். பரிட்சை நாட்களில், செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எழுதினேன். அதே அறையில், இரண்டு வரிசை தள்ளி அவனும் எழுதினான். பாஸ் பண்ணினேன். வேதியியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேலே ஆகிறது.

பலா மரத்தடிக்குத் திரும்புகிறேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு பழத்தை அறுத்தேன். மகள் கூச்சமே இல்லாமல் சாப்பிட்டாள். பிளஸ் டூ போகப்போகிறாளாம். அம்மாக்காரி ஆரணிப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாய் ஓயாமல் பேசினாள். கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்றதும், “சொல்லவே வெக்கமா கீது, பசிதான்” என்றாள். தட்டு வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே, “நீங்க இங்கயேதான் படிச்சீங்களாக்கா? பேச்சு வேற மாதிரி கீதே” என்று கேட்டாள்.

“கீழ படிச்சேன். செங்கத்துக்குப் பக்கம், விடுதியில தங்கி.”

“அட, எங்க வூட்டுக்காரரும் அந்தப் பக்கந்தான். எந்த ஸ்கூலு?”

சொன்னேன். எந்த வருஷம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். நான் எதையும் மூடி வைக்கவில்லை, எதையும் கிளறவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவள் களிக் கையோடு எழுந்து நின்று கீழே பார்த்துக் கத்தினாள். “இன்னாங்க! மேல வாங்க! இவங்க உங்க ஸ்கூலாம், உங்க செட்டாம்!”

அவன் வர நேரம் எடுத்தது. வந்து, மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்காமல் அந்தப் பக்கம் நின்றான்.

“தெரியுதா இவங்களை?” என்றாள் அவள், உற்சாகமாக.

அவன் என்னைப் பார்த்தான். யோசிப்பது மாதிரி நெற்றியைச் சுருக்கினான். “இல்லையே… தெரியல. அப்போ நெறைய பேர் படிச்சாங்க” என்றான்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்தவர்கள். அந்தப் பெண்ணின் தட்டில் பாதிக் களி இருந்தது. மகள் சுளையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அரை மணி நேரத்தில் குழாய் வந்துவிடும், கார் போய்விடும். ஆமாம், நெறைய பேர் படிச்சோம் என்று நானும் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அண்ணன் சொன்னார். அடுத்தவன் குடும்பத்தில் எதற்கு வம்பு என்றார்.

ஆனால் நான் நின்றிருந்தது என் நிலத்தில், என் மரத்தடியில். என் தண்ணீரை அவன் காருக்குக் கொடுத்திருக்கிறேன். என் அடுப்பில் வெந்ததை அவன் மனைவி சாப்பிடுகிறாள். இங்கே வந்து நின்றுகொண்டு என்னைத் தெரியாது என்று சொல்ல இவன் யார்? ஒரு தடவை சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. வாய் வரவில்லை. இப்போது வாய் இருக்கிறது.

“எனக்கு இவரைத் தெரியும்” என்றேன். அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். “ரெண்டு வருஷம் ஒரே வகுப்பு. தெனமும் பேசுவோம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இவருதான் சொன்னாரு. இவங்க அப்பா ஸ்கூலுக்கு வந்து கேட்டப்போ, ஹெட்மாஸ்டர் முன்னாடி என்னைத் தெரியாதுன்னு சொன்னாரு. என்னை ஆஸ்டலை வுட்டுத் தொரத்துனாங்க. அன்னிக்குச் சொன்ன அதே வார்த்தையை இன்னிக்கும் சொல்றாரு. நீ தப்பா எடுத்துக்காத. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவங்களைத் தெரியும்னு சொல்றேன், அவ்ளோதான்.”

மகள் சுளையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் தன் அப்பாவைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு வரவில்லை. கோபம் இல்லை. பாடத்தில் புரியாத ஒன்றைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

அம்மாக்காரி தட்டைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

“நெசமா?” என்றாள் அவனிடம்.

“அது… சின்ன வயசு. அப்பா பக்கத்துல நின்னாரு. நான் இன்னா பண்றது?”

“அது சரி. அப்ப உங்கப்பா நின்னாரு. இப்ப யாரு நின்னா பக்கத்துல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி யாரையாவது புடிச்சிருந்துதுன்னா நான் இன்னா சண்டையா போடப்போறேன்? எனக்கும் இருந்துதான் இருக்கும்” என்றாள். “அவங்க வூட்ல குந்தி அவங்க சோத்தைத் துன்னுட்டு இருக்கறேன். மூஞ்சியைப் பாத்து தெரியாதுன்றியே நீ.”

இத்தனை நேரம் ‘நீங்க’ என்று பேசியவள் ‘நீ’ என்றாள். அது அவனுக்கும் உறைத்தது.

இந்த நேரம் பார்த்து என் அண்ணி வந்து சேர்ந்தாள். ரோட்டில் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவள், வேலி ஓரத்தில் நின்று எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அண்ணி அவனை அதற்கு முன் பார்த்ததில்லை. கதையை மட்டும் கேட்டிருக்கிறாள். அந்தக் கதையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்து ஊருக்குள் சொல்லிக்கொண்டிருப்பவளும் அவள்தான். நல்லவள். எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவருவாள். ஆனால் வாய்.

“அய்யய்யோ, இவரா!” என்று வாயில் கை வைத்தாள். “பாத்தியா, எங்க சுத்துனாலும் உன் வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டுது பாரு. இதான் விதின்றது.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “இவரை நெனைச்சுக்கிட்டேதான் இவ கல்யாணமே பண்ணிக்கல. எத்தினி மாப்பிள்ளை வந்துது தெரியுமா?” என்றாள்.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அதைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தவன், அண்ணி சொன்னதைக் கேட்டதும் நிமிர்ந்தான். கண்ணில் ஒரு கனிவு வந்தது. பாவம் என்கிற கனிவு. அதற்குள்ளே, ஒரு நொடிதான், சந்தோஷம் இருந்தது. தனக்காக ஒருத்தி மலை மேல் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோஷம்.

தெரியாது என்று அவன் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

“அண்ணி, நிறுத்து” என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். “இந்த ஆளுக்காக நான் ஒரு நாளும் காத்துக்கிட்டு இல்ல. மாப்பிள்ளைங்க வந்தாங்க, எனக்குப் புடிக்கல, வேணாம்னேன். அப்புறம் கல்யாணமே வேணாம்னு தோணுச்சு. என் நெலத்துல நான் வெதைக்கறேன், அறுக்கறேன், என் வூட்ல நான் தூங்கறேன். அதுல இவனுக்கு இன்னா பங்கு கீது? வார்டு மெம்பரா நின்னு ஜெயிச்சனே, அது இவனை நெனைச்சுக்கிட்டா?”

அண்ணி வேலிப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினாள். அபூர்வம்.

நான் அவனிடம் திரும்பினேன். அதுவரை அவனை நேராகக் கூப்பிட்டுப் பேசவில்லை. “நீ இங்க வந்தது விதியுமில்ல, ஒண்ணுமில்ல” என்றேன். “ரோடு கீது, அதனால வந்த. இந்த ரோடு எப்பிடி வந்துது தெரியுமா? முன்னல்லாம் புள்ளத்தாச்சிப் பொம்பளைங்களைக் கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கிட்டு எறங்குவோம் இந்த வழியில. நாங்க இருவது பொம்பளைங்க வெறும் கொடத்தைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா போய்க் குந்தி வாங்குன ரோடு இது. உன்னை இங்க கொண்டாந்தது அதுதான். உன் வண்டி நின்னது, மேடு செங்குத்தா கீது, அதனால. வாரத்துக்கு ரெண்டு வண்டி இங்கதான் நிக்கும். எல்லாருக்கும் தண்ணி குடுப்பேன். உனக்கும் குடுத்தேன்.”

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷமும் ஊரில் எத்தனையோ பேரிடம் துண்டு துண்டாகச் சொல்ல நினைத்து, சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று விட்டுவிட்ட பேச்சு அது. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே மரத்தடியில் நின்றிருந்தார்கள், அதனால் முழுதாக வந்துவிட்டது.

மகள்தான் முதலில் பேசினாள். “ஆன்ட்டி, நீங்க மெம்பரா?” என்றாள்.

“ஆமா. போன தடவை.”

“செம” என்றாள். அவள் அம்மா அவளை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாக மாறப் பார்த்து, அடங்கியது.

ஜீப்காரத் தம்பி வந்தான். குழாயை மாட்டினான். தண்ணீர் ஊற்றினான். அவன் வேலை செய்த நேரம் முழுக்க அந்தப் பெண் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எடுத்து வைத்த புளியை உருட்டி உருட்டிக் கூடையில் வைத்தாள். நான் கேட்கவில்லை. அவளும் எதையும் விளக்கவில்லை. “உங்க கொழம்பு நல்லா இருந்துச்சுக்கா. பாதியில வெச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னாள். மீதியைத் தூக்கு வாளியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் அவன் தனியாக மேலே ஏறி வந்தான். முகம் வெளுத்திருந்தது. என் பெயரைச் சொன்னான். கடைசி எழுத்தை விழுங்காமல், முழுப் பெயரையும் சொன்னான்.

“என்னை மன்னிச்சிடு” என்றான். “ரெண்டு தடவையும் எனக்கு தைரியம் வரல.”

எனக்குள் ஏதாவது இளகியதா என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணியும் கேட்டாள். இளகவில்லை. அவன் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. நிஜமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வருந்துகிறவனைப் பார்த்தவுடன் சரி போகட்டும் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? மன்னிப்பது பெரிய மனசு என்கிறார்கள். எனக்கு இருக்கிற மனசு போதும்.

“மன்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது” என்றேன். “இனிமே எவனாவது உன்கிட்ட என்னைப் பத்திக் கேட்டா, தெரியும்னு சொல்லு. அத்த மட்டும் பண்ணு.”

தலையாட்டினான். இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். நான் புளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கார் கிளம்பி மேட்டில் ஏறிய சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்துக்கொண்டே போனதாக அண்ணி வந்து சொன்னாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து ஒரு போன். அவள்தான். ஜீப்காரத் தம்பியிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். தூக்கு வாளி தன்னிடம் இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். வாளி பழசு, நீயே வைத்துக்கொள் என்றேன். “இல்லக்கா, எனக்கு அங்க வரணும்” என்றாள். அப்புறம், வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாள். சண்டையாம், அழுகையாம், பிறகு அவன் ஒன்று விடாமல் சொன்னானாம். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். அவளுக்கு என்னோடு இருப்பது வேறு சிநேகம். அதற்கு அவன் தேவைப்படவில்லை.

தை மாதம் அவளும் மகளும் மட்டும் பஸ்ஸில் வந்தார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். பனியில் நடுங்கிக்கொண்டே அம்மாக்காரி என்னோடு நிலத்துக்கு வந்தாள், களம் கூட்டினாள், மொச்சை பறித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படியெல்லாம் படுத்துகிறார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். போகும்போது ஒரு மூட்டை சாமை கட்டிக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஊரே என்னைப் பார்த்தது. சக்களத்தி மாதிரி ஆக வேண்டியவளோடு இது என்ன கொஞ்சல் என்று யாரோ சொன்னார்களாம். அவர்களுக்கு ஒரு கதை கெட்டுப்போன வருத்தம்.

அண்ணி மட்டும் இன்னும் விதியை விடவில்லை. சொல்லும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். போன மாதம் எங்கள் கோயில் திருவிழாவில் பந்தி நடந்தது. நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், அண்ணி பின்னால் குழம்பு வாளியோடு வந்தாள். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரப் பெண்மணி இலையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அண்ணி என்னைக் காட்டி, “இவளுக்குன்னு ஒருத்தர் இருந்தாரு. கடைசியில பாருங்க, கடவுளே அவரை வாசல்ல கொண்டாந்து…” என்று ஆரம்பித்தாள்.

“அண்ணி, கதையைச் சரியா சொல்லு. ரேடியேட்டர் குழாய்தான் கொண்டாந்துது” என்றேன்.

இலையில் இருந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப நீ ஏம்மா கல்யாணம் பண்ணிக்கல?”

“பண்ணிக்கல” என்றேன். “சோறு போதுமா, இன்னும் போடட்டுமா?”

இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.